பண்ணை வீட்டில் பால் காய்ச்சிய கதை

1

எங்கள் ஊர் நூலகத்து ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று என் மச்சான் குமரேசன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரிந்த வெளிநாடு ஒரு சமையலறையும் அதன் பின்வாசலும்தான். நாலு வரிக்கு மேல் போகாது என்று தள்ளிப்போட்டு வந்தேன். ஆனால் போன மாதம், நான் இங்கே வந்து ஐந்து வருடம் நிறைந்த அதே வாரத்தில், ஒரு காரியம் நடந்துவிட்டது. அதைக் குமரேசன் ஷிப்ட் பஸ்ஸில் தன் இஷ்டத்துக்குக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டு வருவதாகக் கேள்வி. வீடு எரிந்துபோனது என்கிறானாம். வீடு எரியவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் ஒரே இந்திய ஹோட்டலில் தோசை மாஸ்டர். அதற்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஒன்பது வருடம் இருந்தேன். ஏ ஷிப்டுக்கு இட்லி, பி ஷிப்டுக்குச் சப்பாத்தி. ஆயிரம் பேர் என் சாம்பாரைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் என் முகம் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினால் டிரைவர் பக்கத்து சீட்டுக்காகக் காத்திருந்து ஏறுவேன். அங்கே உட்கார்ந்தால் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

இங்கேயும் அப்படியே ஐந்து வருடம் ஓட்டிவிட்டேன். அப்புறம் அந்தப் படிவம் வந்தது.

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் போட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி தேவகி பன்னிரண்டாவது முடித்தவள். ஆகையால் எழுதும் வேலை அவளுடையது. பக்கம் பக்கமாகக் கேள்விகள். நீங்கள் எப்போதாவது ஒரு படைக்குத் தலைமை தாங்கியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. தேவகி என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதினாள். அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்றதுண்டா என்று இன்னொன்று. அதற்கு அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

எல்லாம் நிரம்பி ஒரே ஒரு பக்கம் நின்றுபோனது. உறவினராக இல்லாத, கூட வேலை பார்க்காத, இந்த ஊர்க்காரர் ஒருவர், இவரை எனக்குத் தெரியும், இவர் நல்ல நடத்தை உள்ளவர் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் படிவம் செல்லாது. படிவம் செல்லாவிட்டால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் மகள் யாழினி எட்டாவது படிக்கிறாள். இப்போது அவளைக் கொண்டுபோய் அங்கே சேர்த்தால் தமிழ் எழுத்தையே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அஞ்சு வருசமா இந்த ஊர்ல கீறீங்க," என்றாள் தேவகி. "ஒரு ஆளுக்காவது உங்கள தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒருவர் இருந்தார். மார்கரெட் அம்மா. எழுபது தாண்டியவர். இந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஒரு மசால் தோசையைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் அறுத்துச் சாப்பிடுவார். ஒருநாள் சமையலறைக்கே வந்து நன்றி சொல்லி என் பெயரைக் கேட்டார். ஏழுமலை என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னபோது மலை மட்டும் மிச்சமிருந்தது. அன்றிலிருந்து வாசலிலிருந்தே "மலே" என்று கையசைப்பார். நான் கரண்டியை அசைப்பேன். ஐந்து வருடத்தில் என் பொதுவாழ்க்கை அவ்வளவுதான்.

அவரிடம் கேட்பதற்கான ஆங்கில வாக்கியத்தை யாழினி எழுதிக் கொடுத்தாள். தோசைக்கல் முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். கேட்கத் தைரியம் வராத வாரங்களில் அவர் தட்டில் கூடுதலாக ஒரு வடை வைத்து அனுப்பினேன். ஆறு வாரத்தில் ஆறு வடை போனது. கேள்வி போகவில்லை. படிவம் தபாலில் சேர்க்க வேண்டிய கடைசி நாள் வந்துகொண்டிருந்தது.

2

அந்த நேரத்தில்தான் மார்கரெட் அம்மா ஒரு அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் முதலில் வந்து ஆடு மேய்த்த காலத்துப் பண்ணை வீடு ஒன்று இருக்கிறது. இடிந்து கிடந்ததை அவர்கள் சங்கம் பழைய மாதிரியே செப்பனிட்டு, உள்ளே ஊர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை திறப்பு விழா. படிவம் திங்கட்கிழமை போக வேண்டும். எங்களுக்கு வேறு நாளே இல்லை.

அது அருங்காட்சியகம், அதில் யாரும் குடியிருக்கப் போவதில்லை என்று யாழினி எனக்கு இரண்டு முறை விளக்கினாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அழைப்பிதழைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டின் படம். நாள், நேரம். தேநீர் உண்டு என்று ஒரு வரி. குடும்பத்துடன் வரவும் என்று இன்னொரு வரி. இதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர்?

குமரேசனுக்கு வீடியோ கால் போட்டேன். எங்களுக்கு மத்தியானம் மூன்று மணி என்றால் அவனுக்கு டீ பிரேக். கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறான். தேவகிக்குத் தம்பி.

"கெரகப்பிரவேசம்தான மாமா அது," என்றான். "ஆளு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா. வூடு வூடுதான். வெறுங்கையோட போய் நிக்காத. அதுவும் கையெழுத்து வேற கேக்கப் போற."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. என்ன கொண்டுபோவது என்பதில் தகராறு. கடிகாரம் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒரகடத்துக்குப் பக்கத்தில் சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வீடு கட்டியபோது பதினோரு சுவர்க் கடிகாரம் வந்தது. எல்லாவற்றையும் மாட்டினோம், கொடுத்தவர்கள் வந்தால் தேடுவார்கள் என்று. அந்த வீட்டில் யாருக்கும் சரியான நேரம் தெரிந்ததே இல்லை. சாமி படம் வேண்டாம் என்று தேவகி சொன்னாள். கடைசியில் பரணில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்த ஒரு எவர்சில்வர் குடம் நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து கப்பலில் வந்த சாமானோடு வந்தது. புத்தம் புதிது. யார் கொடுத்தது, எப்போது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அதையே எடுத்து வைத்தோம்.

"பாலு?" என்றாள் தேவகி.

"பால் எதுக்கு?"

"புது வூட்ல பால் காச்சாம எப்டிங்க? அவங்களுக்கு தெர்லன்னா நாம சொல்ல வேண்டாவா?"

இதையெல்லாம் யாழினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பள்ளியிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்களாம். உள்ளே வந்து மூன்று விரலை நீட்டினாள்.

"ப்பா, மூணு ரூல். ஷூவ கழட்டக் கூடாது. எதையும் தொடக் கூடாது. யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாது. ப்ளீஸ்."

சரி என்றேன். குடத்தை அரிசிப் பையில் சுற்றிக் காரின் டிக்கியில் வைத்தேன். பால் தேவகியின் கைப்பையில் போனது. படிவத்தின் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

3

வீடு அழகாக இருந்தது. சுற்றிலும் தாழ்வாரம், மேலே தகரக் கூரை, உள்ளே மெழுகு தேய்த்த மரத் தரை. அந்தத் தரையில் ஷூ காலோடு நடப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வாசலில் ஒரு கணம் குனிந்தேன். யாழினி என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி உள்ளே தள்ளினாள்.

ஒவ்வொரு அறையிலும் குறுக்கே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டில், தொட்டில், வெண்ணெய் கடையும் பீப்பாய், அரிக்கேன் விளக்கு, மாவு சலிக்கும் சல்லடை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய எண். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மருத்துவமனையில் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் கரி போடும் இஸ்திரிப் பெட்டி. தொட வேண்டாம் என்று எழுதி, மேலே ஒரு தனி விளக்கு.

"நம்ம பென்னலூர் இஸ்திரிக்காரரு பாத்தாருன்னா இன்னா சொல்வாரு?" என்று தேவகி காதோரம் கேட்டாள். அவர் போன வாரம்கூட அதில்தான் குமரேசனின் யூனிபாரத்தைத் தேய்த்திருப்பார்.

எனக்கு வேறு நினைப்பு ஓடியது. நூறு வருடம் கழித்து ஒரகடத்தில் இப்படி ஒன்று வைத்தால் உள்ளே என்ன இருக்கும்? கயிற்றுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குள் மெழுகுப் பொம்மையாக எட்டுப் பேர். கண்ணாடிப் பெட்டியில் கழுத்தில் மாட்டும் ஐடி கார்டு. ஓவர்டைமுக்கு நாங்கள் சொல்லும் ஓ.டி. என்ற சொல்லுக்கு ஒரு விளக்கப் பலகை. கேன்டீன் அறையில் என் சாம்பார் வாளி. தொட வேண்டாம் என்று எழுதத் தேவையே இருக்காது.

கழிப்பறைக்குப் போகும் சந்தில் ஒரு சின்னப் பலகை தனியாக இருந்தது. இந்தப் பண்ணை வருவதற்கு முன்னால் இங்கே இருந்த ஆதிக்குடிகளைப் பற்றி. ஓடையில் மீன் பிடித்தார்கள், கிழங்கு எடுத்தார்கள், பின்பு இவ்விடத்தை விட்டு நீங்கினார்கள் என்று யாழினி படித்துச் சொன்னாள். எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"தப்பா போட்டிருக்காங்கப்பா. அவங்களா போகல. தொரத்துனாங்க. எங்க டீச்சர் சொன்னாங்க."

அந்தப் பலகை முன்னால் அன்று வேறு யாரும் நிற்கவில்லை. கழிப்பறைக்கு வழி கேட்டு வந்தவர்கள்தான் எங்களை விலக்கிக்கொண்டு போனார்கள். குமரேசன் வேலை பார்க்கும் கம்பெனி இருக்கும் இடத்தில் அவன் அப்பா வேர்க்கடலை போட்டிருந்தார். எங்களை யாரும் துரத்தவில்லை. நிலத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள். என் பையில் மடித்த காகிதம் இருப்பது அப்போது உறுத்தியது. என்ன உறுத்தல் என்று சொல்லத் தெரியவில்லை. சமையலறைப் பக்கமிருந்து மணி அடித்துக் கூப்பிட்டார்கள், போய்விட்டோம்.

4

பழைய சமையலறையில்தான் விழா. ஒரு ஆள் நிற்கும் அளவுக்குப் பெரிய செங்கல் அடுப்பு. அதில் பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு மார்கரெட் அம்மா பக்கத்தில் நின்றார். சங்கத் தலைவர் பீட்டர் பேசினார். ஊரில் கறிக்கடை வைத்திருப்பவர், ஆறடிக்கு மேல் உயரம். அடுப்பு பாதுகாப்பானது என்றும் எல்லாவற்றையும் தானே சோதித்ததாகவும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றேன். மார்கரெட் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். இவர்தான் நம் ஊரின் சிறந்த சமையல்காரர், முன்னால் வரட்டும் என்றார். ஐம்பது அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். வழி விட்டார்கள். என் கையில் அரிசிப் பை. அதை நான் எப்போது டிக்கியிலிருந்து எடுத்தேன் என்று யாழினி பிறகு பலமுறை கேட்டாள். கழிப்பறைக்குப் போவதாகச் சொன்னபோதுதான்.

வேறு வழியில்லாமல் குடத்தை எடுத்து நீட்டினேன். மூன்றாவது ரூல் போனது.

மார்கரெட் அம்மா பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அப்போதுதான் அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருப்பது அவர் கண்ணில் பட்டது. இது என்ன வேலைப்பாடு என்று கேட்டார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுப்பார்களா? அதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. படிக்கச் சொன்னார். படித்தேன். செல்வி யாழினி காதணி விழா. அன்பளிப்பு, தாய்மாமன் குமரேசன், ஒரகடம்.

தாய்மாமன் சீரைத் தூக்கி வெளியாருக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் தேவகி மூச்சை இழுத்தது கேட்டது. தன் தம்பி வைத்த சீர். திருப்பி வாங்கவும் முடியாது. அறுபது பேர் பார்க்கிறார்கள்.

மொழிபெயர்க்க யாழினியை முன்னால் விட்டார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஜன்னலோரம் நின்றார்கள். தனக்குக் காது குத்தியதற்கு மாமா கொடுத்த குடம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். தன் காதுக் கம்மலுக்கு யாருமே குடம் கொடுக்கவில்லை என்று ஒரு பெண் ஏக்கத்தோடு சொன்னது. அதில் யாழினி கொஞ்சம் நிமிர்ந்தாள். நிமிர்ந்த நேரம் பார்த்துத் தேவகி கைப்பையைத் திறந்து பாலை எடுத்தாள்.

இது எதற்கு என்று மார்கரெட் அம்மா கேட்டார். யாழினி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள். எங்கள் ஊரில் வீட்டைத் திறந்தால் முதலில் அடுப்பில் பால் வைப்போம், பொங்கி வழிந்தால் அந்த வீட்டில் எல்லாம் நிறையும். மார்கரெட் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே செய்ய வேண்டும் என்றார். அலமாரியிலிருந்து ஒரு செம்புப் பாத்திரத்தை எடுத்து, அதில் கட்டியிருந்த எண்ணை அவிழ்த்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, என் கையில் கொடுத்தார். இரண்டாவது ரூலும் போனது. என்னால் அல்ல.

பால் வைத்தேன். ஓரத்தில் ஆடை கட்டியது, நுரை எழுந்தது. விளிம்பு வரை வந்த சமயம் பீட்டர் ஒரே பாய்ச்சலில் வந்து பாத்திரத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். பீட்டர் என் தோளைத் தட்டி, நல்லவேளை என்றார்.

வழிய வேண்டும் என்று யாழினி மறுபடியும் விளக்கினாள். பீட்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போனார். மறுபடி வைத்தேன். மறுபடி எழுந்தது. இந்த முறை முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் எட்டி வந்து கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டார். பால் தணிந்தது. அவர் பாவம், விஷயம் தெரிந்துதான் நின்றார். கை கேட்கவில்லை. பொங்கும் பாலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது என்பது அந்த ஜனங்களால் முடியாத காரியமாக இருந்தது. ஒருவர் ஜன்னலைத் திறந்தார். ஒருவர் ஊத வந்தார்.

மூன்றாவது முறை தேவகியும் யாழினியும் அடுப்புக்கு முன்னால் கையை விரித்து மறித்து நின்றார்கள். கபடி ஆட்டத்தில் நிற்பதுபோல. "யாரும் கிட்ட வராதீங்க," என்று யாழினி தமிழிலேயே சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது. பால் எழுந்தது. விளிம்பில் நின்றது. நான்கு பக்கமும் வழிந்து நெருப்பில் கொட்டியது.

அடுப்பைப் பழைய மாதிரியே கட்டியிருந்தார்கள். புகைபோக்கியையும் பழைய மாதிரியே கட்டியிருந்தார்கள். உத்தரத்தில் ஒரு வெள்ளை வட்டப் பெட்டியை மட்டும் புதிதாக வைத்திருந்தார்கள். பால் கருகிய புகை நேராக அதன் மூக்கில் போய் ஏறியது.

5

அது போட்ட சத்தத்தில் மரத் தரை அதிர்ந்தது. அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே போய்ப் புல்தரையில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அறுபது பேரும் கேக் தட்டோடு போய் நின்றார்கள்.

அந்தப் பெட்டி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டதாம். இந்த ஊரில் தீயணைப்புக்கென்று தனியாக ஆள் கிடையாது. மெக்கானிக், வாத்தியார், பால் பண்ணைக்காரர் என்று ஆளுக்கொரு வேலை பார்ப்பவர்கள்தான், அழைப்பு வந்தால் ஓடிப்போய் வண்டியை எடுத்து வருவார்கள். அன்று அவர்கள் ஆறு பேரும் அந்தப் புல்தரையில்தான் நின்றார்கள். பால் பொங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் அழைப்பு அழைப்புதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கார் ஏறி ஊருக்குள் போய், உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டி, சிவப்பு வண்டியில் ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களுக்குக் கேப்டன் பீட்டர்.

பீட்டர் ஹெல்மெட்டோடு இறங்கி நேரே என்னிடம் வந்தார். கையில் ஒரு படிவம். என்னை முதல்முதலாகப் பார்ப்பவர்போல் முழுப் பெயர் கேட்டார். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார். பால் என்றேன். அதை எழுதிக்கொண்டார். சம்பவத்தை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று அடுத்த கேள்வி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் பெயரையே எழுதினார்.

நல்ல நடத்தைக்குக் கையெழுத்து வாங்க வந்த இடத்தில் தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு கேட்பது? போய்விடலாம் என்று தேவகிக்குக் கண் காட்டினேன். அவள் அசையவில்லை. மூட்டை கட்டுவதா இல்லையா என்பது அந்தச் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனப்பாடம் செய்த வாக்கியத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. மார்கரெட் அம்மா முன்னால் போய்க் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.

"மேடம்," என்றேன். "கையெழுத்து. நாங்க இங்கயே இருக்கணும்."

தமிழில்தான் வந்தது. யாழினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எழுதிக் கொடுத்த அந்த நீளமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. நான் சொன்னதை மட்டும் சொன்னாள்.

மார்கரெட் அம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். பீட்டரிடம் பேனா வாங்கினார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கி, அதன்மேல் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினார். ஐந்து ஆறு வரி இருக்கும். எழுதியதை யாழினி எங்களுக்குச் சொன்னாள். இவரை ஐந்து வருடமாகத் தெரியும். கூச்சமானவர், நேர்மையானவர். கேட்க வேண்டியதைக் கேட்காமல் வடை அனுப்புகிறவர் என்று நினைக்கிறேன். எங்கள் பண்ணை வீட்டில் அலாரம் அடித்தது இவரால்தான். ஆனால் நாங்கள் கேட்டுக்கொண்டதால்தான் அதைச் செய்தார்.

"அலாரத்த ஏன் எழுதினாங்க?" என்றாள் தேவகி. "அத விட்டுட சொல்லுடி."

யாழினி கேட்டாள். மார்கரெட் அம்மா தலையை ஆட்டினார். தான் வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர், நடந்ததில் ஒன்றை விட்டு எழுதும் பழக்கம் தனக்கு இல்லை என்றார். உடனே யாழினி, அப்படியானால் கழிப்பறைச் சந்தில் ஒரு பலகை இருக்கிறதே என்று ஆரம்பித்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். பிடித்தும் நிற்கவில்லை, முழுவதையும் சொன்னாள். கையெழுத்து இன்னும் போடவில்லை என்பது எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது. மார்கரெட் அம்மா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அது சரிதான், மாற்ற வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, பலகையில் என்ன எழுதலாம் என்று வியாழக்கிழமை வந்து சொல்லும்படி யாழினியைக் கேட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்த பாலில் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தோம். ஹெல்மெட் போட்ட ஆறு பேரும் குடித்தார்கள். பீட்டர் தன் அறிக்கையில் ஒரு பிரதியை என் படிவத்தோடு பின் அடித்துக் கொடுத்தார், உதவும் என்று. அதில் காரணம் என்ற இடத்தில் சடங்கு என்றும், சேதம் என்ற இடத்தில் இல்லை என்றும் இருந்தது.

6

குடத்தைப் பற்றி குமரேசனிடம் யார் சொல்வது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம். அக்காதான் சொல்ல வேண்டும் என்றேன். மாமாதான் சொல்ல வேண்டும் என்றாள் தேவகி. கடைசியில் யாழினி சொல்லிவிட்டாள்.

"அக்கா," என்றான் குமரேசன். "நான் வெச்ச சீர தூக்கி குடுத்துட்டியா? ஸ்ரீபெரும்புதூர் பூரா அலஞ்சி வாங்கனன். பேர் வெட்றவன்கிட்ட ஒரு மணி நேரம் நின்னுகினு இருந்தன்."

யாழினி போனை வாங்கி, மார்கரெட் அம்மா அனுப்பிய படத்தைக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குடம். கீழே சின்ன அட்டை. அவன் பெயர், ஒரகடம், எல்லாம் ஆங்கிலத்தில். மேலே தனி விளக்கு.

"இது இன்னா, மியூசியமா?" என்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது தெரிந்தது. "மாமா, நம்ம பேரு மியூசியத்துல கீதா? லைட்டு வேற போட்டுக்கீறாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒரு சொம்பு கூட வாங்கி அனுப்பட்டா?" என்றான்.

அதற்கப்புறம்தான் அவன் ஷிப்ட் பஸ்ஸில் கதை சொல்ல ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை படிவத்தை எடுத்துக்கொண்டு தனியாகத் தபால் நிலையம் போனேன். பதிவுத் தபால் அனுப்ப வேண்டுமானால் அடையாள அட்டை காட்ட வேண்டும். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தேடினேன். அட்டை வீட்டில். பின்னால் நாலு பேர் நின்றார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார். அட்டை வேண்டாம், உங்களைத் தெரியுமே என்றார்.

நான் நன்றி சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பினேன். அவர் கூப்பிட்டு நிறுத்தினார். தன் வீட்டுக்கும் இப்போதுதான் பெயின்ட் அடித்து முடித்திருக்கிறதாம். சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். அலாரத்தை வெள்ளிக்கிழமையே கழற்றி வைத்துவிடுவதாகவும் சொன்னார்.